மணி அடித்த பிறகு

1986-ல் தீயணைப்போராகச் சேர்ந்தபோது எனக்கு வயது 21. பயிற்சி முடிந்து முதலில் போன நிலையம் வடசென்னையில் இருந்தது. வாட்ச் ரூமுக்கு வெளியே ஒரு பித்தளை மணி தொங்கும். அழைப்பு வந்ததும் உள்ளே இருப்பவர் ஓடிவந்து அதை அடிப்பார். சோற்றில் கை வைத்திருந்தாலும் சரி, தலைக்குச் சோப்புப் போட்டிருந்தாலும் சரி, ஒரு நிமிடத்துக்குள் வண்டி கேட்டைத் தாண்ட வேண்டும். எங்கே, என்ன, எவ்வளவு பெரிது என்பதெல்லாம் வண்டியில் ஏறிய பிறகுதான் தெரியும். பொய் அழைப்புகள் நிறைய வரும். போவோம், பார்ப்போம், திரும்புவோம். அடுத்த மணிக்கும் அதே வேகத்தில்தான் ஓடுவோம். 23 வருடம் அப்படி ஓடிப் பழகிய உடம்பு இது.

2009-ல் விருப்ப ஓய்வு பெற்று, பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு 9 மாடி ஐ.டி. கட்டடத்தில் தீ பாதுகாப்பு அலுவலராகச் சேர்ந்தேன். நான்காவது நாள் மதியம் ஆறாவது மாடியில் நின்றிருந்தபோது ஹூட்டர் அடித்தது. என் கால் தானாக நகர்ந்துவிட்டது. என்னைச் சுற்றி முந்நூறு பேராவது இருந்திருப்பார்கள். சிலர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள். ஒருவர் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒரு பெண் பக்கத்து இருக்கைக்காரரிடம் "டெஸ்டிங்கா?" என்று கேட்டார். "இருக்கும்" என்றார் அவர். எழுந்தவர் ஒருவர்கூட இல்லை. கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

கீழே கண்ட்ரோல் ரூமுக்குப் போனேன். பேனல் முன்னால் உட்கார்ந்திருந்த செக்யூரிட்டி தம்பி, "ஒண்ணுமில்ல சார், ஃபால்ஸ் அலாரம். சைலன்ஸ் பண்ணிட்டேன்" என்றார்.

"மேல போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல சார். அந்த ஜோன் எப்பவும் வரும்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நெருப்புக்குள் போய் ஆட்களைத் தூக்கி வருவதுதான் என் தொழில் என்று அதுவரை நினைத்திருந்தேன். எழுந்திருக்க வேண்டியவர்கள் ஏன் எழுந்திருப்பதில்லை என்பதைப் பார்ப்பதும் அந்தத் தொழிலின் பாதி என்று அந்த மதியம்தான் புரிந்தது. அதன் பிறகு 14 வருடம், ஐந்து கட்டடங்களில் அந்தப் பாதியைத்தான் செய்தேன்.

புகையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நெருப்பு என்றால் மக்கள் மனதில் வருவது தீ நாக்குகள்தான். நான் வெளியே தூக்கி வந்த உடல்களில் பெரும்பாலானவற்றில் தீக்காயமே கிடையாது. மூக்கைச் சுற்றி ஒரு கருப்பு வளையம் இருக்கும், அவ்வளவுதான். பஞ்சு மெத்தை, நாற்காலி ஃபோம், ஒயர் உறை, பிளாஸ்டிக் எல்லாம் எரிந்து வரும் புகை மேலே போய்க் கூரையில் முட்டி, அங்கிருந்து தலைகீழாக இறங்கும். முதலில் விளக்குகள் மங்கும். பிறகு முகத்துக்கு வரும், நெஞ்சுக்கு வரும். அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அதைச் சுவாசிப்பவருக்கு முதலில் போவது நிதானம். தெரிந்த கதவுகூடத் தெரியாமல் போகும்.

1994 என்று நினைவு. மத்திய சென்னையில் ஒரு லாட்ஜ், பின்னிரவு. தரைத்தளத்தில் மெத்தை, தலையணை போட்டு வைத்திருந்த அறையில் பிடித்த தீ. நாங்கள் போனபோது இரண்டாவது மாடி வராந்தாவில் புகை முழங்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. தரையோடு தவழ்ந்து, இடது கையால் சுவரைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு கதவாகப் போனோம். நான்காவது அறைக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் ஆள் இல்லை. குளியலறைக்குள் ஒருவர் உட்கார்ந்த நிலையில் இருந்தார், குழாய் திறந்தே இருந்தது. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அவரைத் தூக்கும்போது என் கை அவர் காலில் பட்டது. ஷூ போட்டிருந்தார். இரண்டு ஷூவிலும் கயிறு ஒழுங்காக முடிச்சுப் போடப்பட்டிருந்தது. வெளியே வந்து லாந்தர் வெளிச்சத்தில் பார்த்தால் சட்டைப் பொத்தான் எல்லாம் போட்டிருந்தார். அவருடைய சூட்கேஸ் ஜிப் மூடி, கட்டிலின் மேல் தயாராக இருந்தது.

வாட்ச்மேன் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எல்லாக் கதவையும் தட்டியிருக்கிறார். மற்றவர்கள் லுங்கியோடும் பனியனோடும் இறங்கி ஓடியிருக்கிறார்கள். "இந்த சார் மட்டும் 'தோ வரேன்'னு உள்ளேருந்து குரல் குடுத்தாரு சார். குடுத்தாரு சார்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

'தோ வரேன்' என்பதற்கும் புகை கதவுக்கு வந்ததற்கும் நடுவில் இருந்தது ஒரு சட்டையும் ஒரு ஷூவும் ஒரு சூட்கேஸும்தான். கதவைத் திறந்து புகையைப் பார்த்ததும் தண்ணீர் இருக்கிற இடம் பத்திரம் என்று குளியலறைக்குப் போயிருக்கிறார். நிறையப் பேர் அப்படித்தான் போவார்கள். குளியலறையில் தண்ணீர் இருக்கும், ஆனால் காற்று இருக்காது. ஜன்னல் உள்ள அறையில் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத் துணியை அடைத்து, ஜன்னலைத் திறந்து குரல் கொடுத்திருந்தால் எங்கள் ஏணி அவரை எட்டியிருக்கும். இரண்டாவது மாடிதானே.

எல்லா மாடிக்கும் ஏணி எட்டாது என்பதை எனக்கு மூத்தவர்கள் சொல்லித்தந்தார்கள். அண்ணாசாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல் திறக்கப்பட்டது, அந்தக் காலத்து மெட்ராஸுக்கே அதுதான் உயரம். 1975 ஜூலையில் அது எரிந்தபோது பணியில் இருந்த ஒரு முன்னணித் தீயணைப்போர் என் முதல் நிலையத்தில் இருந்தார். கீழிருந்து பீய்ச்சிய தண்ணீர் மேல் மாடிகளுக்குப் போகவில்லை என்பதைச் சொல்லும்போது, பத்து வருடம் கழிந்தும் அவர் குரல் இறங்கிவிடும். "ஒசர பில்டிங்குல நம்மள நம்பி ஒக்காரக் கூடாதுடா. மணி கேட்டா அவங்களா எறங்கணும்" என்பார். இன்று துறையில் வானளாவிய ஏணி வண்டிகள் வந்துவிட்டன. உயரக் கட்டடத்தில் சொந்தத் தண்ணீர்த் தொட்டி, பம்பு, ஒவ்வொரு மாடியிலும் ஹைட்ரண்ட் வேண்டும் என்று விதி இருக்கிறது. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 15 மீட்டரிலிருந்தே உயர்ந்த கட்டடம் என்று கணக்கு வைக்கிறது. எல்லாம் வந்தும், மாலை ஆறு மணி நெரிசலில் அந்த வண்டி உங்கள் வாசலுக்கு வந்து கால் ஊன்றி நிமிர எடுக்கும் நேரத்தில் புகை நான்கு மாடி ஏறிவிடும். அவர் சொன்னது இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

இனி அந்தப் பேனல்.

செக்யூரிட்டி தம்பி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மணி ஒரு நிமிடத்துக்கு மேல் அடித்தால் மாடியிலிருந்து மேனேஜர் போன் செய்து திட்டுவார். அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது ஒன்றே ஒன்று: இந்தப் பொத்தானை அழுத்தினால் சத்தம் நிற்கும், அடுத்ததை அழுத்தினால் விளக்கு அணையும். சத்தம் நின்றால் நெருப்பும் நின்றது என்று கட்டடமே நம்பிக்கொண்டிருந்தது. நான் முதலில் செய்தது, ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பேனல் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது. எந்த மணியானாலும் நேரம், இடம், யார் போய்ப் பார்த்தார், என்ன காரணம் என்று நான்கு கட்டம். போய்ப் பார்த்தவர் வாக்கி டாக்கியில் சொல்லாமல் யாரும் சைலன்ஸ் அழுத்தக் கூடாது. மேலே போனவரிடமிருந்து இரண்டு நிமிடத்தில் பதில் வரவில்லையென்றால் கட்டடம் முழுக்க மணி அடிக்க வேண்டும். பதில் வராததே ஒரு பதில்தான், அவரே புகையில் விழுந்திருக்கலாம்.

மேனேஜர்கள் முணுமுணுத்தார்கள். மூன்று மாதம் கழித்து நோட்டைப் புரட்டினால் காரணங்கள் வரிசையாக நின்றன. ஆறாவது மாடியில் அடிக்கடி வந்தது பேன்ட்ரிக்கு வெளியே இருந்த புகை டிடெக்டர். பிரெட் டோஸ்டருக்கு நேர் மேலே அதை வைத்திருந்தார்கள். அங்கே வெப்ப டிடெக்டரை மாற்றிப் போட்டதும் நின்றுவிட்டது. இரண்டாவது மாடியில் டிடெக்டருக்குள் சின்னப் பூச்சி கூடு கட்டியிருந்தது. எட்டாவது மாடியில் மழைக்காலத்து ஏ.சி. தண்ணீர் ஒயர் வழியே இறங்கியிருந்தது. ஒவ்வொன்றும் சரிசெய்யக் கூடியதுதான். 'புலி வருது புலி வருது' கதையில் ஊர்க்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. சும்மா சும்மா கூவ விட்டவர்கள்தான் பொறுப்பு. அந்த வருடக் கடைசியில் அந்தக் கட்டடத்தில் மணி அடிப்பது அபூர்வமாயிற்று. அபூர்வமானதால் அடித்தபோது தலை நிமிர்ந்தார்கள்.

இதைவிடக் கொடுமையான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவதாக வேலை பார்த்த கட்டடத்தில் ஆயுத பூஜை பெரிதாக நடக்கும். மாடிக்கு மாடி சாம்பிராணி, ஊதுபத்தி, சூடம், வாசலில் பூசணிக்காய். மணி அடிக்கும் என்பதால் முதல் நாளே பேனலில் அந்தந்த மாடிகளைத் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். 'ஐசோலேட்' பண்ணுவது என்பார்கள். நான் சேர்ந்தது தீபாவளிக்கு முந்தைய வாரம். முதல் நாள் பேனலைப் பார்த்தால் ஐந்து மாடிக்கு மஞ்சள் விளக்கு எரிகிறது. பூஜை முடிந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஐந்து மாடியிலும் பகலும் இரவும் ஆட்கள் வேலை பார்த்திருக்கிறார்கள். எது எரிந்தாலும் பேனல் பேசியிருக்காது.

அதே கட்டடத்தில் பெயின்ட் வேலை நடந்தபோது தூசு போகாமல் இருக்க டிடெக்டர்களுக்கு பிளாஸ்டிக் மூடி போட்டார்கள். வேலை முடிந்தது, பில்லும் பாஸ் ஆயிற்று, மூடியை எடுக்கவில்லை. ஏணி போட்டு நானே ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூன்று மாடியில் இரண்டு அட்டைப் பெட்டி நிறைந்தது. உங்கள் ஆபீஸில் தலைக்கு மேலே பாருங்கள். சிவப்பாகச் சின்ன விளக்கு அவ்வப்போது மின்னுகிறதா, அதன் மேல் மூடியோ டேப்போ இருக்கிறதா என்று பார்க்க எந்தப் படிப்பும் தேவையில்லை.

ஸ்பிரிங்க்ளரைப் பற்றியும் ஒரு வார்த்தை. சினிமாவில் காட்டுவது போல மணி அடித்ததும் கட்டடம் முழுக்க மழை பொழியாது. ஒவ்வொரு தலையிலும் ஒரு கண்ணாடிக் குமிழ் இருக்கும். சிவப்புக் குமிழ் என்றால் 68 டிகிரி வெப்பத்தில் உடையும். எந்தத் தலைக்குக் கீழே தீ இருக்கிறதோ அது மட்டும்தான் திறக்கும். கம்ப்யூட்டர் நனைந்துவிடும் என்று பயந்து வால்வை மூடி வைத்திருந்த ஒரு கட்டடத்தை நான் பார்த்திருக்கிறேன். எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கித்தான் திறக்க வைத்தேன்.

2013-ல் ஒரு இரவு. மூன்றாவது கட்டடம். ஐந்தாவது, ஆறாவது மாடிகளில் இரவு ஷிப்ட் கால் சென்டர். நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்பு நான்காவது மாடி யு.பி.எஸ். பேட்டரி அறையில் டிடெக்டர் பேசியது. பார்க்கப் போன எலக்ட்ரீஷியன் வாக்கி டாக்கியில் "சார், கதவு சுடுது. தொறக்கல" என்றார். அவரை நான் இன்றும் வாழ்த்துகிறேன். புறங்கையால் கதவைத் தொட்டுப் பார், சுட்டால் திறக்காதே என்று சொல்லித்தந்திருந்தேன், அதைச் செய்தார். உள்ளங்கையால் தொட்டால் சுட்ட கையால் பிறகு கைப்பிடிக் கம்பியைக்கூடப் பிடிக்க முடியாது.

முழு மணி அடித்தோம். 101-க்குச் சொன்னோம். நான் ஐந்தாவது மாடிக்கு ஏறினேன். பாதிப் பேர் எழுந்து நின்றார்கள். பாதிப் பேர் உட்கார்ந்தே இருந்தார்கள். டீம் லீடர் பெண் என்னிடம் வந்து, "சார், லைவ் கால்ல இருக்காங்க. கட் பண்ணா எஸ்கலேஷன் ஆயிடும்" என்றார். கெட்ட பெண் இல்லை. அவருக்கு வேலையில் யாரும் வேறு அளவுகோல் சொல்லித்தரவில்லை. "நான் எழுதிக் கொடுக்கறேன்மா. ஹெட்செட்ட வெச்சுட்டு எல்லாரையும் எழுப்புங்க" என்றேன். அவர் மேஜையைத் தட்டி ஒரே ஒரு தடவை கத்தினார். எல்லாரும் எழுந்தார்கள். யாராவது ஒருவர் முதலில் எழ வேண்டும், பதவியில் இருப்பவர் எழுந்தால் கூட்டம் தானாக எழும். பல கட்டடங்களில் பார்த்த பிறகு சொல்கிறேன், மணியைவிட மனிதர் மனிதரைத்தான் பார்ப்பார்.

எல்லாரும் லிஃப்ட் பக்கம் நடந்தார்கள், தினமும் வந்த வழி அது. அங்கே ஆட்களை வழிகாட்டி இறக்கும் வார்டனாக நின்ற பையன் கைகளை விரித்து மறித்தான். பக்கத்துப் படிக்கட்டுக் கதவை நான்காவது மாடியில் யாரோ தீயணைப்பு சிலிண்டரை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருந்தார்கள். டீக்குப் போய்வர வசதியாம். அந்தக் கதவு 2 மணி நேரம் நெருப்பைத் தாங்கச் செய்யப்பட்டது, தானாக மூடிக்கொள்ளும். படிக்கட்டுக்குள் புகை வராமல் மின்விசிறி காற்றழுத்தம் கொடுக்கும். ஒரு மாடியில் கதவு திறந்து கிடந்தால் அத்தனையும் வீண். அந்தப் படியில் புகை வந்துவிட்டது. பின்பக்கப் படிக்கட்டில் திருப்பிவிட்டோம். வலது கையால் கம்பியைப் பிடித்து, ஒருவர் பின் ஒருவராக, ஓடாமல். ஹை ஹீல்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னோம்.

அதற்குள் ஐந்தாவது மாடியிலும் புகை தெரிய ஆரம்பித்தது. நான்காவதிலிருந்து தளத்தை எரித்துக்கொண்டு வரவில்லை, கேபிள் போகும் ஷாஃப்ட் வழியே வந்தது. ஒயர் இழுக்கும்போது போட்ட ஓட்டைகளை அடைக்காமல் விட்டிருந்தார்கள். 2010 பிப்ரவரியில் பெங்களூரு கார்ல்டன் டவர்ஸில் இதே வழியில்தான் புகை மேல் மாடிகளுக்கு ஏறியது. 9 பேர் இறந்தார்கள். ஜன்னலிலிருந்து குதித்தவர்களும் அதில் உண்டு. அந்தச் செய்தியைப் படித்த வாரமே ஷாஃப்டை அடைக்கக் கடிதம் எழுதுங்கள் என்று எனக்குத் தெரிந்த எல்லாக் கட்டடத்துக்கும் சொன்னேன். இந்தக் கட்டடத்தில் அந்தக் கடிதம் ஃபைலில் இருந்தது.

கீழே அசெம்பிளி பாயிண்டில் எண்ணிக்கை எடுத்தோம். பட்டியல்படி எல்லாரும் வந்துவிட்டார்கள். தீயணைப்பு வண்டியும் வந்துவிட்டது. நிலைய அலுவலர் என்னிடம், "உள்ள ஆள் இருக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இருபது வருடம் நான் கேட்டிருக்கிறேன். பதிலைப் பொறுத்துத்தான் என் ஆட்களை உள்ளே அனுப்புவேன். "இல்ல" என்று சொல்ல வாய் திறந்தபோது டீம் லீடர் பெண் சொன்னார்: "சார், மல்லிகா அக்கா எங்க?"

ஹவுஸ்கீப்பிங் அக்கா. கான்ட்ராக்ட் ஆள், அதனால் பட்டியலில் பெயர் இல்லை. மூச்சுக்கருவி மாட்டிய இரண்டு தீயணைப்போர் ஏறினார்கள். எட்டு நிமிடம் இருக்கும், என் வாழ்க்கையில் நீண்ட எட்டு நிமிடம் அது. ஆறாவது மாடிக் கழிவறைக்கு வெளியே, புகை இன்னும் அடர்த்தியாக இறங்காத பக்கம், பக்கெட்டோடும் மாப்போடும் நின்றிருந்தார். இருமலோடு நடத்திக் கூட்டிவந்தார்கள்.

தண்ணீர் குடித்தபின், "மணி கேக்கலையாக்கா?" என்று கேட்டேன்.

"கேட்டுச்சு சார். போன தடவ மணி அடிச்சப்ப, ஸ்டாஃப் எல்லாரும் எறங்கிட்டு வர்றதுக்குள்ள தரையத் தொடச்சு வெச்சுடுன்னுதான சூப்பர்வைசர் சொன்னாரு? எங்கள யாரு போவச் சொன்னா?"

போன தடவை என்பது நான் நடத்திய டிரில். அன்று இறங்கியவர்கள் எண்ணிக்கையைப் பெருமையாக ரிப்போர்ட்டில் எழுதி அனுப்பியிருந்தேன். கூட்டுகிறவர், டீ போடுகிறவர், ஏ.சி. மெக்கானிக், பார்சல் கொண்டு வந்தவர் யாரும் அந்த எண்ணில் இல்லை. அது என் பிழை, வேறு யாருடையதும் இல்லை. அடுத்த நாளிலிருந்து வாசலில் உள்ளே வரும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு டோக்கன் வைத்தோம். டிரிலில் முதலில் இறங்க வேண்டியவர் மல்லிகா அக்கா என்று விதி செய்தேன். (அவர் உண்மைப் பெயர் வேறு.) ஓய்வு பெறும்வரை அவர்தான் அந்த மாடியின் வார்டன். கழிவறை, ஸ்டோர், பேன்ட்ரி என்று எந்த மூலையில் யார் இருப்பார் என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

டிரில் நடத்தும் முறையையும் அதன் பிறகு மாற்றினேன். முன்பெல்லாம் முதல் நாளே மெயில் போகும். மக்கள் காபியை முடித்து, பையை மாட்டிக்கொண்டு, போனைப் பார்த்தபடி இறங்குவார்கள். ஏப்ரல் 14-ல் தொடங்கும் தீத்தொண்டு வாரத்தில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். 1944-ல் அதே தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகைன் கப்பல் வெடித்ததில் உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக வரும் வாரம் அது. தட்டில் எண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, சிலிண்டரால் அணைத்துக் காட்டுவோம், கைதட்டுவார்கள். அந்த 2013-லிருந்து நான் சொல்லாமல் டிரில் வைத்தேன். ஒரு படிக்கட்டு வாசலில் 'இங்கே புகை' என்று அட்டை எழுதி ஒருவரை நிறுத்திவிடுவேன். வந்தவர்கள் திகைத்து நிற்பார்கள். இன்னொரு படி எங்கே என்று பல வருடம் அங்கே வேலை பார்த்தவர்களுக்கே தெரியாது. ஒரு தடவை தேடி நடந்தவர் பிறகு மறப்பதில்லை.

2004-ஐச் சொல்லாமல் போக முடியவில்லை. அந்த ஜனவரியில் ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபத்தில் தீ, ஜூலை 16-ல் கும்பகோணத்தில். அங்கே ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் இறந்தார்கள். நான் அங்கே பணியில் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு பள்ளிகளில் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டபோது, ஆய்வுக்காகப் பள்ளி பள்ளியாகப் போனேன். ஒவ்வொரு பள்ளியிலும் நான் பார்த்தது இரண்டாவது வழி இருக்கிறதா, அது திறக்கிறதா என்பதுதான். ஒரு தலைமையாசிரியை என்னைப் பின்பக்கக் கேட்டுக்குக் கூட்டிப்போய், "பசங்க ஓடிடுவாங்கன்னு பூட்டி வெச்சிருக்கோம் சார்" என்றார். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே பூட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

இப்போது ஓய்வில் இருக்கிறேன். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் கூப்பிட்டால் போய்ப் பேசுகிறேன். வீடுகளில் சிக்கல் வேறு மாதிரி. படிக்கட்டில் ஷூ ஸ்டாண்ட், சைக்கிள், பழைய சோபா. வாசலில் இரும்பு கிரில், அதற்குப் பூட்டு, சாவி பூஜையறையில். பிறகு லிஃப்ட். 2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்தபோது இறந்த 6 பேர் லிஃப்டில் மூச்சுத் திணறி மயங்கிக் கிடந்தவர்கள். லிஃப்ட் ஓடும் குழாய்தான் கட்டடத்தின் புகைபோக்கி. மின்சாரம் போனால் பெட்டி நடுவில் நிற்கும், புகை அதைச் சுற்றி ஏறும்.

போன வருடம் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார்: "சார், எங்க அம்மாவுக்கு 84 வயசு. ஒன்பதாவது மாடி. நடக்க முடியாது. லிஃப்ட் கூடாதுன்னா நான் என்ன பண்றது?" உண்மையான கேள்வி. அவரோடு வீட்டுக்கே போனேன். அந்தப் பாட்டி என்னைப் பார்த்ததும், "என்ன விட்டுட்டு நீங்க எறங்குங்கப்பா" என்றார். "அதுக்கு வேலையே இல்ல பாட்டி" என்று சொல்லி, எதிர் வீட்டு இரண்டு இளைஞர்களைக் கூப்பிட்டேன். கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் பாட்டியை உட்காரவைத்து, இடுப்பில் வேட்டியால் கட்டி, ஒருவர் முதுகுப் பக்கம், ஒருவர் கால் பக்கம் பிடித்து ஒரு மாடி இறக்கிக் காட்டினோம். பாட்டி கம்பியைப் பிடிக்கப் பார்த்தார், கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னோம். நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கினால் தரை வரை போகலாம். படியில் புகை இருந்தால் இறங்கவே கூடாது. வீட்டுக் கதவைச் சாத்தி, இடுக்கில் ஈரத் துணி, ரோட்டுப் பக்கத்து ஜன்னல், 101-க்கோ 112-க்கோ போன். எந்தத் தெரு, எந்த பிளாக், எத்தனையாவது மாடி, நடக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, ஜன்னலில் வெளிர் நிறத் துணியை ஆட்ட வேண்டும். அந்தத் தகவல் இருந்தால் எங்கள் ஆட்கள் முதலில் அந்த மாடிக்குத்தான் வருவார்கள்.

அந்த எதிர் வீட்டு இளைஞர்களுக்கு அதுவரை பாட்டியின் பெயரே தெரியாது. இப்போது அவர்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பாட்டியின் வீட்டு எண்ணும் மகனின் செல் நம்பரும் ஒட்டியிருக்கின்றன.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாளைக்கு வேலை முடிந்ததும் லிஃப்டை விட்டுவிட்டு, நீங்கள் இதுவரை போகாத படிக்கட்டில் கடைசிவரை இறங்கிப் பாருங்கள். கீழே கதவு பூட்டியிருந்தால், சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டு, அது திறக்கும்வரை விடாதீர்கள்.